வேண்டா அழைப்புகள்: ஓலை முதல் மின்நாட்காட்டி வரை

ஒருவருடைய நாளில் எழுதும் உரிமை யாருக்கு உண்டு? அரசனுக்கு உண்டா, உறவினருக்கு உண்டா, முதலாளிக்கு உண்டா, முன்பின் அறியாதவருக்கும் உண்டா? மின்னஞ்சலோடு இணைந்த நாட்காட்டிகள் நம் கைப்பேசிகளில் குடியேறிய பிறகு இக்கேள்வி புது வடிவில் நம்முன் நிற்கிறது. எவரோ எங்கிருந்தோ ஒரு கூட்ட அழைப்பை அனுப்புகிறார். அதை நாம் திறந்து படிப்பதற்கு முன்பே நம் நாட்காட்டியில் அதற்கென ஒரு மணி நேரம் ஒதுக்கப்பட்டுவிடுகிறது. குறித்த நேரத்துக்குப் பத்து நிமிடம் முன்னதாக மணியும் அடிக்கிறது. வேண்டாம் என்று மறுத்தாலோ, மறுத்த செய்தி அழைத்தவருக்குப் போய்ச் சேர்ந்து, இந்த முகவரியில் ஆள் இருக்கிறார் என்பதை உறுதிசெய்து விடுகிறது.

இதைக் கணிப்பொறித் துறையின் சிறு தொல்லை என்று ஒதுக்கிவிடலாம். ஆயினும் அழைப்பு, அதை ஏற்கும் கடமை, மறுக்கும் உரிமை ஆகிய மூன்றுக்கும் நம் மண்ணில் நீண்ட வரலாறு உண்டு. அந்த வரலாற்றின் துணையோடு இன்றைய தொல்லையை அணுகிப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

திருவெண்ணெய்நல்லூர் வழக்கு

விருத்தாசலத்திலிருந்து உளுந்தூர்ப்பேட்டைக்குச் செல்லும் சாலையில் இருக்கிறது மங்கலம்பேட்டை. அங்கிருந்து வடக்கு நோக்கிப் பயணம் செய்து உளுந்தூர்ப்பேட்டையைக் கடந்தால், சுந்தரர் பிறந்த திருநாவலூரும், அதற்கும் அப்பால் திருவெண்ணெய்நல்லூரும் வரும். பழைய தென்னார்க்காட்டு மாவட்டத்தின் இந்தப் பகுதியில்தான் தமிழ் இலக்கியம் அறிந்த மிகப் புகழ்பெற்ற 'வேண்டா ஓலை' வழக்கு நிகழ்ந்ததாகப் பெரியபுராணம் கூறுகிறது. பன்னிரண்டாம் நூற்றாண்டில் சேக்கிழார் இயற்றிய அந்நூல் அரங்கேறிய இடம் சிதம்பரத்து ஆயிரங்கால் மண்டபம் என்பது மரபு.

கதை நம் வாசகர்கள் அறிந்ததே. புத்தூரில் சடங்கவி சிவாசாரியாரின் மகளுக்கும் சுந்தரருக்கும் திருமணம் நடக்க இருக்கிறது. மணப்பந்தலில் யாரும் அழைக்காத ஒரு முதியவர் வந்து நிற்கிறார். இந்த மணமகன் தமக்கு அடிமை என்கிறார். அதற்குச் சான்றாக, மணமகனின் பாட்டனார் எழுதிக்கொடுத்த ஓலை ஒன்றையும் காட்டுகிறார். சுந்தரர் அவரைப் பித்தன் என்று எள்ளி, ஓலையைப் பறித்துக் கிழித்தெறிகிறார். இத்தோடு தொல்லை தீர்ந்தது என்பது மணமகனின் எண்ணம். முதியவரோ கலங்கவில்லை. கிழிபட்டது படியோலை, மூலவோலை திருவெண்ணெய்நல்லூரில் பத்திரமாக இருக்கிறது என்கிறார்.

வழக்கு அவ்வூர்ச் சபைக்குப் போகிறது. வழக்கத்தில் உள்ள ஆட்சி, எழுதப்பட்ட ஆவணம், அயலாரின் சாட்சி என மூன்று வகைச் சான்றுகளைப் பற்றிச் சபையார் பேசுகின்றனர். மூலவோலை வாசிக்கப்படுகிறது. பாட்டனார் கையெழுத்திட்ட வேறோர் ஓலையைக் காப்பிலிருந்து வருவித்து ஒப்பிடுகின்றனர். எழுத்து ஒத்துப்போகிறது. தீர்ப்பு முதியவர் பக்கம். மணம் நின்றுபோன ஊர் இன்றும் பண்ருட்டிப் பக்கத்தில் 'மணம்தவிழ்ந்தபுத்தூர்' என்ற பெயரோடு இருக்கிறது. 'மணம் தவிர்ந்த புத்தூர்' என்பதே வழக்கில் அவ்வாறு திரிந்தது.

இதன் சமய உட்பொருளை விரித்துரைப்பது நம் நோக்கமன்று. ஆவண வரலாற்றின் கோணத்திலிருந்து இரண்டு செய்திகளை மட்டும் குறித்துக்கொள்வோம். முதலாவது, கையில் உள்ள படியைக் கிழிப்பதால் மூலம் அழிவதில்லை. இரண்டாவது, ஓலையின் உண்மை அதை அனுப்பியவர் யார் என்பதைச் சோதித்த பின்னரே நிலைநிறுத்தப்பட்டது. எழுத்தை எழுத்தோடு ஒப்பிடும் வழக்கம் ஒரு சபையின் இயல்பான நடைமுறையாகச் சேக்கிழாருக்குத் தெரிந்திருக்கிறது. இவ்விரு செய்திகளும் பின்னர் நமக்குப் பயன்படும்.

திருமுகமும் சபையும்

மறுக்க இயலாத அழைப்புகளும் இருந்தன. சோழர் காலத்தில் அரசனின் வாய்மொழி ஆணையை ஓலையில் எழுதுவதற்கென்றே திருமந்திர ஓலை என்னும் அலுவலர் இருந்தனர். அவர்களுக்கு மேலே திருமந்திர ஓலை நாயகம் இருந்தார். அரசனிடமிருந்து வரும் ஓலைக்குத் திருமுகம் என்று பெயர். ஆனைமங்கலச் செப்பேடு போன்ற ஆவணங்களைப் படித்தவர்களுக்கு, திருமுகம் வரும் செய்தி கேட்ட நாட்டார் அதை எதிர்கொண்டு சென்று, வணங்கி வாங்கி, தலைமேல் வைத்துக்கொள்ளும் காட்சி நினைவிருக்கும். அதை வாங்கியவருக்கு ஏற்பதா மறுப்பதா என்ற தெரிவு இல்லை. இன்றைய அலுவலகத்தில் தலைமை நிர்வாகியிடமிருந்து வரும் கூட்ட அழைப்பை இதன் தூரத்து உறவு எனலாம்.

ஆனால் ஊர்ச் சபைகள் தம் கூட்டங்களைத் தாமே நெறிப்படுத்திக்கொண்டன. உத்திரமேரூரில் முதலாம் பராந்தகனின் 919, 921ஆம் ஆண்டுக் கல்வெட்டுகள் குடவோலை முறையை விரித்துரைப்பது பலரும் அறிந்தது. அதற்கும் ஒரு நூற்றாண்டுக்கு முற்பட்டது திருநெல்வேலிப் பக்கத்து மானூர்க் கல்வெட்டு. பாண்டியன் மாறஞ்சடையன் காலத்து அக்கல்வெட்டு, சபையில் அமர்ந்து பேசத் தகுதி உடையவர் யார் என்பதை வரையறுக்கிறது. மேலும், முன்வைக்கப்படும் எல்லாவற்றுக்கும் 'அன்று, அன்று' என்று மறுத்துக் காரியத்தைக் கெடுப்பவருக்கு ஐந்து காசு தண்டம் விதிக்கிறது. கூட்டம் என்பது பலருடைய நேரத்தைச் செலவிட்டு நடப்பது. அதில் யார் இருக்க வேண்டும், எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்பதற்கு விதி வேண்டும் என்ற எண்ணம் ஆயிரத்து இருநூறு ஆண்டுகளுக்கு முன்பே ஒரு சிற்றூரில் கல்லில் பொறிக்கப்பட்டிருக்கிறது. தகுதி பாராமல் நாற்பது பேரை ஒரே சொடுக்கில் கூட்டத்துக்கு அழைக்கும் இன்றைய நிறுவனங்கள் மானூர் வரை ஒருமுறை போய்வரலாம்.

மறுக்கும் கலை

அழைப்பை முகத்தில் அடித்தாற்போல் மறுப்பது நம் வழக்கத்தில் பெருங்குற்றம். பத்திரிகை கொடுக்க வந்தவரிடம் 'வர இயலாது' என்று சொல்பவர் அரிது. வெற்றிலை பாக்கு வைத்து அழைத்தபின் போகாமல் இருப்பது உறவு முறிவுக்கே வழிவகுக்கும். ஆகவே, மறுப்பவருக்கும் பழி வராமல், அழைப்பவருக்கும் அவமானம் நேராமல் மறுக்கும் வழி ஒன்றைச் சமூகம் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. அதைப் பஞ்சாங்கம் கொடுத்தது.

இராகு காலத்தை எடுத்துக்கொள்வோம். திங்கள் காலை 7.30 முதல் 9 வரை, சனி 9 முதல் 10.30 வரை, வெள்ளி 10.30 முதல் 12 வரை, புதன் 12 முதல் 1.30 வரை, வியாழன் 1.30 முதல் 3 வரை, செவ்வாய் 3 முதல் 4.30 வரை, ஞாயிறு 4.30 முதல் 6 வரை. இதனோடு எமகண்டம், கரிநாள், வாரசூலம் ஆகியவையும் சேர்ந்துகொள்கின்றன. சோதிடத்தில் நம்பிக்கை உண்டா இல்லையா என்பதை விட்டுவிடுவோம். பயன்பாட்டின்படி பார்த்தால், ஊரார் அனைவருக்கும் முன்கூட்டியே தெரிந்த, யாரும் கேள்வி கேட்காத 'நேரம் இல்லை' என்னும் அறிவிப்பு இது. 'அது இராகு காலமாயிற்றே' என்றால் போதும். அழைத்தவரே வேறு நேரம் சொல்வார். மறுத்தவர் மேல் குறையில்லை, குறை காலத்தின் மேல் போய்விடுகிறது. சிவகாசியில் ஆண்டுதோறும் ஆடிப்பெருக்கன்று அடுத்த ஆண்டு நாட்காட்டிகளின் மாதிரிகளை வெளியிடுகிறார்கள். அங்கு அச்சாகும் நாள்தாள்களில் இந்த அறிவிப்புகள் இடம்பெற்று ஒவ்வொரு வீட்டுச் சுவரிலும் தொங்குகின்றன.

இந்த மென்மையான மறுப்பு எல்லா அழைப்புக்கும் உதவவில்லை. மொய் அதற்குச் சான்று. யார் எவ்வளவு எழுதினார் என்பது மொய் நோட்டில் இருக்கிறது. அவர் வீட்டு விசேஷத்துக்குப் பத்திரிகை வந்தால், அது விருந்துக்கு அழைப்பு என்பதோடு கடன் திருப்பும் நாளும் ஆகிவிடுகிறது. பேராவூரணி, கீரமங்கலம் வட்டாரங்களில் ஆடி மாதத்தில் நடக்கும் மொய் விருந்துகள் இதன் வெளிப்படையான வடிவம். ஆடியிலும் ஆவணியிலும் பத்திரிகைகள் குவிந்த ஒரு சிறு விவசாயியின் கவலையை, ஒரே நாளில் ஏழு கூட்ட அழைப்பு வந்த ஓர் அலுவலரின் கவலை எட்டவே எட்டாது.

வேண்டாத செய்திக்கும் நம் வீடுகளில் ஒரு நெறி இருந்தது. கருமாதிச் செய்தி தாங்கிய அஞ்சலட்டையைப் படித்தவுடன் கிழித்துப் போட்டுவிடுவர், வீட்டுக்குள் வைத்திருக்கமாட்டார்கள். அதே அஞ்சல் வழியாகத்தான், இதைப் படித்தவர் இத்தனை பேருக்கு இவ்வாறே எழுதி அனுப்ப வேண்டும், அனுப்பினால் நன்மை, தவறினால் கேடு என்று மிரட்டும் சாமி அட்டைகளும் வந்தன. அச்சத்தை மூலதனமாக்கி ஒருவரின் நேரத்தையும் அஞ்சல் காசையும் பறித்த அந்த அட்டைகளே இன்றைய மின்குப்பைக்கு நம்மூர் முன்னோடி.

கடலூர்ச் சிறையிலிருந்து எட்டயபுரத்துக்கு

இவ்வளவும் வேண்டா அழைப்பைப் பற்றிப் பெற்றவரின் பக்கத்திலிருந்து பேசியவை. அனுப்பியவரின் பக்கத்திலும் நின்று பார்க்க வேண்டும். கேளாமல் அனுப்பப்படும் வேண்டுகோளுக்குத் தமிழில் ஓர் இலக்கிய வகையே உண்டு. அது சீட்டுக்கவி. புலவர் தம் தேவையைப் பாட்டாக எழுதி வள்ளலுக்கு அனுப்புவார். பெறுபவர் கேட்டு வந்த ஓலை அன்று. பெரும்பாலும் அவருக்கு அது எதிர்பாராத தொல்லையே.

புதுவையில் பத்தாண்டுகள் வாழ்ந்த பாரதியார் 1918 நவம்பர் 20 அன்று பிரிட்டிஷ் எல்லைக்குள் நுழைந்தபோது கடலூருக்கு அருகில் கைது செய்யப்பட்டார். கடலூர்ச் சிறையில் இருந்து, டிசம்பர் 14 அன்று விடுதலையானார். பிறகு கடையம் சென்றார். வறுமை விடவில்லை. 1919இல் எட்டயபுரம் ஜமீன்தாருக்குச் சீட்டுக்கவி எழுதினார். அதனால் பயன் ஏதும் விளையவில்லை. அன்றைய ஜமீன் அலுவலகத்தின் கண்ணில் அது நாள்தோறும் வரும் பல விண்ணப்பங்களில் ஒன்றாக இருந்திருக்கலாம். 1921 செப்டம்பரில் பாரதி மறைந்தார்.

வேண்டா அழைப்புகளை ஒழிப்பது பற்றிப் பேசும் எவரும் இதை மறந்துவிடலாகாது. புத்தூர் மணப்பந்தலில் வந்து நின்ற அழையா விருந்தாளி, கதையின்படி, வரவேண்டியவர்களிலெல்லாம் தலையாயவர். எட்டயபுரத்துக்குப் போன கேளா ஓலை, பதில் பெற்றிருக்க வேண்டிய ஓலை. தெரிந்தவர் ஓலையை மட்டும் வாங்குவேன் என்று கதவடைக்கும் வீட்டில், கள்வனோடு சேர்ந்து பாரதியும் வெளியே நிற்கிறான்.

மின்வழி அழைப்பின் வரலாறு

இனி மின்வழிக்கு வருவோம். 1975 நவம்பரில் ஜான் போஸ்டல் என்னும் வலையமைப்பு அறிஞர், குப்பை அஞ்சல் சிக்கலைப் பற்றி ஆர்.எஃப்.சி. 706 என்ற எண்ணுடைய ஒரு சிறு குறிப்பு எழுதினார். அன்றைய ஆர்ப்பாநெட் வலையில், ஒரு கணிப்பொறி தனக்கு வரும் செய்திகளில் வேண்டாதவற்றை மட்டும் தேர்ந்து மறுக்க வழியில்லை. ஏதேனும் ஒரு செய்தியைப் பெற விரும்பினால் தனக்கு வரும் எல்லாவற்றையும் படித்தாக வேண்டும் என்பது அவர் சுட்டிய குறை. சுவையான செய்தி என்னவென்றால், அவர் எழுதும்போது குப்பை அஞ்சல் என்பது ஏறக்குறைய ஒரு கற்பனை அச்சமாகத்தான் இருந்தது.

அது நடைமுறைக்கு வந்தது 1978 மே மாதத்தில். டிஜிட்டல் எக்விப்மென்ட் கார்ப்பரேஷன் என்னும் கணிப்பொறி நிறுவனத்தின் விற்பனைப் பிரிவைச் சேர்ந்த கேரி துர்க், ஆர்ப்பாநெட்டின் மேற்குக் கரைப் பயனர்கள் ஏறத்தாழ 400 பேருக்கு ஒரே செய்தியை அனுப்பினார். முகவரிகள் அச்சிட்ட அடைவிலிருந்து எடுத்துக் கையால் தட்டச்சு செய்யப்பட்டவை. முகவரிகளுக்கென இருந்த இடம் போதாமல், மிஞ்சியவை கடிதத்தின் உடலுக்குள் வழிந்தன. உலகின் முதல் மின்குப்பை என்று இன்று சொல்லப்படும் அந்தக் கடிதத்தின் பொருள் என்ன? லாஸ் ஏஞ்சலிஸிலும் சான் மட்டேயோவிலும் நடக்க இருந்த இரண்டு விளக்கக் கூட்டங்களுக்கு வாருங்கள் என்னும் அழைப்பே அது! மின்குப்பையின் வரலாறு ஒரு வேண்டாத கூட்ட அழைப்பில்தான் தொடங்குகிறது.

நாட்காட்டியும் அஞ்சலும் ஒன்றாகக் கலந்தது அதற்குப் பிறகு. 1980களில் ஐ.பி.எம். பெருங்கணினிகளில் இயங்கிய புரோஃப்ஸ் என்னும் அலுவலக அமைப்பில் நாட்காட்டி இருந்தது. 1997இல் வெளிவந்த மைக்ரோசாஃப்ட் அவுட்லுக் அஞ்சல், நாட்காட்டி இரண்டையும் ஒரே கூரையின்கீழ் வைத்தது. ஆனால் ஒரு நிறுவனத்தின் நாட்காட்டி மற்றொன்றின் நாட்காட்டியோடு பேச ஒரு பொதுமொழி தேவைப்பட்டது. 1998 நவம்பரில் ஐகேலண்டர் என்னும் அந்தப் பொதுமொழி ஆர்.எஃப்.சி. 2445 ஆக வந்தது. லோட்டஸ் நிறுவனத்தின் ஃபிராங்க் டாசனும் மைக்ரோசாஃப்டின் டெரிக் ஸ்டெனர்சனும் அதைத் தொகுத்தனர். அழைப்பு, பதில், நீக்கம், மாற்றுநேரம் கோருதல் ஆகியவை எவ்வாறு பரிமாறப்பட வேண்டும் என்பதை அதன் துணை ஆவணமான ஆர்.எஃப்.சி. 2446 வகுத்தது. அழைக்கப்பட்டவர் ஏற்கலாம், மறுக்கலாம், 'ஒருவேளை வரலாம்' எனலாம், வேறொருவரை அனுப்பலாம். எதுவும் செய்யாதவரை அவர் பதில் சொல்ல வேண்டியவர் என்றே குறிக்கப்படுகிறார். 'இவரை எனக்குத் தெரியாது. இந்த அழைப்பே குப்பை' என்று சொல்வதற்கு அந்த மொழியில் ஒரு சொல் வைக்கப்படவில்லை. ஒழுங்கான அலுவலர்கள் தமக்குள் பேசிக்கொள்வதற்காக வகுத்த மொழி அல்லவா!

வகுத்தவர்கள் ஆபத்தை அறியாதவர்கள் அல்லர். பாதுகாப்பு பற்றிய பகுதியில், அழைப்புகளைத் தானாகவே நாட்காட்டியில் சேர்த்துக்கொள்ளும் வசதி இருக்குமானால், எவரேனும் அழைப்புகளைக் கொட்டி ஒருவருடைய ஓய்வு நேரம் முழுவதையும் அடைத்துவிட முடியும் என்று 1998லேயே எச்சரித்தார்கள். அழைப்பாளரைப் போல் வேடமிட்டு வருபவர்களைப் பற்றியும் எச்சரிக்கை இருந்தது. 2009இல் இவை திருத்தப்பட்டு ஆர்.எஃப்.சி. 5545, 5546 என்ற புதிய எண்களோடு வந்தன. அடிப்படை முறை மாறவில்லை.

2006 ஏப்ரலில் கூகுள் நாட்காட்டி வந்தது. கைப்பேசிகள் பரவின. அஞ்சல் பெட்டிகளுக்கு வலுவான குப்பை வடிகட்டிகள் வந்துவிட்டதால், குப்பை அனுப்புவோர் பக்கவாசலைத் தேடினர். நாட்காட்டி திறந்தே கிடந்தது. 2016 நவம்பரில், அமெரிக்கப் பண்டிகை விற்பனைக் காலத்தில், ஆப்பிளின் ஐகிளவுட் பயனர்கள் பலருடைய நாட்காட்டிகளில் மலிவு விலைக் கண்ணாடிகளையும் காலணிகளையும் விற்கும் 'கூட்டங்கள்' முளைத்தன. ஆப்பிள் வருத்தம் தெரிவித்து, டிசம்பரில் 'குப்பை எனப் புகார் செய்' என்னும் பொத்தானைச் சேர்த்தது. 2019இல் கூகுள் நாட்காட்டி வழியாகப் பரிசு விழுந்ததாகவும் பணம் வந்திருப்பதாகவும் சொல்லி வங்கி விவரம் பறிக்கும் மோசடியைக் காஸ்பர்ஸ்கி நிறுவனம் வெளிப்படுத்தியது. தெரிந்த அனுப்புநரின் அழைப்பை மட்டும் நாட்காட்டியில் காட்டும் தெரிவைக் கூகுள் 2022 ஜூலையில் கொண்டுவந்தது. போஸ்டல் கேட்ட, தேர்ந்து மறுக்கும் உரிமை நாட்காட்டிக்கு வந்து சேர 47 ஆண்டுகள் ஆயின.

இதனிடையே பெருந்தொற்று வந்தது. 2019 டிசம்பரில் நாளொன்றுக்கு ஏறத்தாழ 1 கோடியாக இருந்த ஜூம் கூட்டப் பங்கேற்புகள் 2020 ஏப்ரலில் 30 கோடியைத் தொட்டன. சென்னையிலும் பெங்களூரிலும் வேலை பார்த்த இளைஞர்கள் சொந்த ஊர் திரும்பி வீட்டிலிருந்தே பணிசெய்தனர். அதுவரை நகரத்துக் கண்ணாடி அறைகளில் நடந்த கூட்டங்கள் சிற்றூர் முற்றங்களுக்கு வந்தன. அழைப்புக்கு அலுவலக நேரம் என்ற எல்லையும் மங்கியது. பிரான்சில் 2017 ஜனவரி 1 முதல் பணிநேரத்துக்குப் பின் தொடர்பைத் துண்டிக்கும் உரிமை சட்டமாக இருக்கிறது. அத்தகைய உரிமை கோரும் தனிநபர் மசோதா ஒன்றை சுப்ரியா சுலே 2018 டிசம்பரில் மக்களவையில் முன்வைத்தார். அது சட்டமாகவில்லை.

படியோலையும் மூலவோலையும்

இப்போது திருவெண்ணெய்நல்லூர்ச் சபை நமக்கு உதவிக்கு வருகிறது. நாட்காட்டியில் முளைத்த வேண்டா நிகழ்வை ஒவ்வொன்றாக அழிப்பது படியோலையைக் கிழிப்பதாகும். மூலவோலை எங்கே இருக்கிறது என்று கண்டுபிடித்தாலன்றித் தொல்லை தீராது.

மூலம் மூன்று இடங்களில் இருக்கலாம். முதலாவது, அழைப்புகளைத் தானே சேர்த்துக்கொள்ளும் அமைப்பு. கூகுள் நாட்காட்டியின் அமைப்புகளில், யாருடைய அழைப்பும் சேரலாம், தெரிந்தவர் அழைப்பு மட்டும் சேரலாம், மின்னஞ்சலில் நாம் பதில் கொடுத்த பின்னரே சேரலாம் என்று மூன்று தெரிவுகள் உண்டு. பின்னிரண்டில் ஒன்றைத் தேர்வது நலம். இரண்டாவது, நம்மை அறியாமல் நாம் சந்தா சேர்ந்துவிட்ட நாட்காட்டி. ஏதோ ஒரு தளத்தில் 'சரி' என்று தட்டியதால் முழு நாட்காட்டியே கைப்பேசியில் இணைந்துவிடும். 'உங்கள் கைப்பேசியில் கிருமி புகுந்துவிட்டது' என்று நாள் முழுவதும் அலறும் நிகழ்வுகள் பலவும் இவ்வகை. வேலியில் போகிற ஓணானை மடியில் விட்டுக்கொண்ட கதை. நிகழ்வுகளை அழித்துப் பயனில்லை. அந்தச் சந்தாவையே நீக்க வேண்டும். மூன்றாவது, முன்பின் அறியாதவர் நேரடியாக அனுப்பும் அழைப்பு. அதற்கு ஏற்பு, மறுப்பு எதையும் சொல்லாமல், குப்பை எனப் புகார் செய்வதே வழி. அவுட்லுக்கில் பதில் அனுப்பாமலே மறுக்கும் தெரிவும் இருக்கிறது. கருமாதி அட்டையைப் படித்ததும் கிழித்தவர்கள், எழுதியவருக்குக் கிழித்த செய்தியை எழுதி அனுப்பியதில்லை.

அனுப்பியவர் யார் என்று பார்ப்பது சபை நமக்குக் கற்றுத்தந்த இரண்டாம் பாடம். வங்கியின் பெயரிலோ அரசு அலுவலகத்தின் பெயரிலோ ஓர் அழைப்பு வந்தால், அதில் உள்ள இணைப்பைத் தட்டாமல், நமக்கு முன்பே தெரிந்த வழியில் அவ்விடத்தைத் தொடர்புகொண்டு கேட்க வேண்டும். காப்பில் இருந்த பழைய கையெழுத்தோடு புதிய கையெழுத்தை ஒப்பிட்ட செயல் இதுவே.

தெரிந்தவர்களிடமிருந்து வரும் வேண்டா அழைப்பு வேறு வகை. அங்கே புகார்ப் பொத்தான் உதவாது, பஞ்சாங்கம்தான் உதவும். சில மணி நேரங்களை முன்கூட்டியே அடைத்து, எல்லோருக்கும் தெரியும்படி வைத்துவிடலாம். 2021இல் கூகுள் கொண்டுவந்த 'கவன நேரம்' அந்த வேளையில் வரும் அழைப்புகளைத் தானே மறுத்துவிடும். இதை நாம் மின் இராகு காலம் என்று அழைத்தால் தவறாகாது. கிரகத்தின்மேல் போட்ட பழியை இப்போது மென்பொருளின்மேல் போடுகிறோம், அவ்வளவே. மறுப்பதைவிட மாற்றுநேரம் கேட்பது நன்று. ஐகேலண்டர் மொழியிலும் அதற்கு இடம் உண்டு.

திண்ணை

தெரிந்தவரை மட்டும் அனுமதிக்கும் தெரிவில் ஒரு குறை இருப்பதை மேலே கண்டோம். நம்மை முதன்முதலாகத் தேடிவரும் மாணவர், ஊர்க்காரர், எழுத்தாளர் ஆகியோரும் தெரியாதவர்களே. அவர்களையும் கள்வரையும் ஒரே கதவால் அடைப்பது நியாயமாகாது. நம் பழைய வீடுகள் இச்சிக்கலுக்கு விடை கண்டிருந்தன. வழிப்போக்கர் தெருவில் நிற்க வேண்டியதில்லை. கூடத்துக்குள் வந்துவிடவும் முடியாது. இடையில் திண்ணை இருந்தது. யாரும் அமரலாம், இளைப்பாறலாம், குரல் கொடுக்கலாம். உள்ளே அழைப்பது வீட்டுக்காரரின் விருப்பம்.

மின்னஞ்சல் பெட்டிதான் இன்றைய திண்ணை. நாட்காட்டி கூடம். அவுட்லுக்கும் கூகுளும் பல ஆண்டுகள் செய்தது, திண்ணையில் அமர்ந்தவரைக் கேளாமலே கூடத்தில் கொண்டுபோய் உட்காரவைத்தது. நாம் பதில் சொன்ன பிறகே நாட்காட்டியில் சேரும் என்ற தெரிவு, திண்ணையைத் திண்ணையாகவும் கூடத்தைக் கூடமாகவும் திருப்பித் தருகிறது. அதை அமைத்துக்கொள்ள இரண்டு நிமிடம் போதும். ஆங்கிலம் படிக்கத் தெரியாமல், கைப்பேசி அலறும்போதெல்லாம் திகைக்கும் பெரியவர்கள் மங்கலம்பேட்டையிலும் இருக்கிறார்கள், மற்ற ஊர்களிலும் இருக்கிறார்கள். அவர்களுடைய கைப்பேசிகளையும் வாங்கி அமைத்துக்கொடுப்பது, வீட்டில் உள்ள இளையவர்கள் செய்யக்கூடிய சிறு உதவி. அமைத்து முடித்தபின் வாரம் ஒருமுறையாவது திண்ணைக்கு வந்து, அங்கே காத்திருப்பவர் யார் என்று நாமும் பார்த்துவர வேண்டும். எட்டயபுரத்தில் நடக்காதது அதுதான்.